தொலைபேசி எண் கட்டாயம்

ஜூன் 10, திங்கள்

விஜிலா நேற்று சாயங்கால ரயிலில் பெங்களூருக்குப் போய்விட்டாள். நாகர்கோவில் ஸ்டேஷனில் வைத்து இந்த நோட்டை என் கையில் கொடுத்தாள். "ஏட்டி, இனி சைட்டை நீதான் பாக்கணும். எதை மாத்தினாலும் தேதி போட்டு எழுதி வை. மாத்துறதுக்கு முன்னால எண்ணிக்கை என்ன, பிறகு என்னன்னு. அப்பதான் எது பலிச்சுதுன்னு தெரியும், கேட்டியா."

சரி, எழுதுகிறேன்.

எங்கள் தளத்தின் பெயர் 'கூடவே'. வலிப்பு நோய் உள்ள பிள்ளைகளைப் பெற்றவர்களுக்காகத் தமிழில் நடக்கிறது. தொடங்கி ஆறு வருஷம் ஆகிறது. என் மகள் ஷெரினுக்கு எட்டு வயதில் முதல் வலிப்பு வந்தது. அதன் பிறகு பள்ளிக்கூட வேலையை விட்டேன். படித்ததையும் பட்டதையும் எழுத ஆரம்பித்தேன். கல்லூரியில் என்னோடு படித்த விஜிலா அதையெல்லாம் இணையத்தில் ஏற்றினாள். எழுத்து என்னுடையது, கம்ப்யூட்டர் வேலை முழுக்க அவளுடையது. கேள்வி கேட்க ஒரு படிவம் உண்டு. திருநெல்வேலியில் ஒரு நரம்பியல் டாக்டர் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பதில் சொல்கிறார். அதை நான் அவரவருக்கு ஈமெயிலில் அனுப்புகிறேன்.

அவளுக்கு இப்போது பெரிய வேலை. ஏதோ மருத்துவம் சம்பந்தப்பட்ட கம்பெனி. இன்று காலை கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு படம் எடுத்து அனுப்பியிருந்தாள். சிரிப்பைப் பார்த்தால் இருபது வயது குறைந்த மாதிரி இருந்தது.

கூகுள் அனலிட்டிக்ஸைப் பார்க்க எனக்கு வழி செய்து கொடுத்திருக்கிறாள். யார் எந்த ஊரிலிருந்து வருகிறார்கள், எந்தப் பக்கத்தைப் பார்க்கிறார்கள், எத்தனை நேரம் இருக்கிறார்கள் என்று காட்டுகிற கருவி. திறந்து பார்த்தேன். கோடு கோடாக இருந்தது. மூடிவிட்டேன்.

ஜூன் 12, புதன்

இன்று உட்கார்ந்து பார்த்தேன். நூறு பேர் வந்தால் எழுபத்தொரு பேர் ஒரே ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். சராசரியாக இருபத்துநாலு விநாடி இருக்கிறார்கள்.

எட்டாம் வகுப்பில் நான் சுவாசப் பாடம் நடத்தும்போது நூற்றுக்கு எழுபத்தொரு பிள்ளைகள் அரை நிமிஷத்தில் எழுந்து வெளியே போனால் எப்படியிருக்கும்? ஆறு வருஷமாக அப்படித்தான் நடந்திருக்கிறது. நான் பாட்டுக்குக் கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

விஜிலாவிடம் போனில் சொன்னேன். சிரித்தாள். "எல்லா சைட்டும் அப்படித்தான்டி. முதல்ல எவ்வளவு வேகமாத் திறக்குதுன்னு பாரு." வேகம் பார்ப்பதற்கு என்று ஒரு பக்கம் இருக்கிறதாம். எந்தத் தளத்தின் முகவரியைக் கொடுத்தாலும் அது சோதித்துச் சொல்லும்.

துவைத்த துணி மழையில் நனைந்துவிட்டது. மறுபடியும் அலசிப் போட்டேன்.

ஜூன் 17, திங்கள்

ஷெரினுக்கு மாத்திரை கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வேகச் சோதனை செய்தேன். கைப்பேசியில் நம் முதல் பக்கம் முழுசாகத் திறக்கப் பதினோரு விநாடி. வருகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பேர் கைப்பேசியில்தான் வருகிறார்கள். பிள்ளை தரையில் விழுந்து கிடக்கும்போது என்ன செய்வதென்று தேடுகிற ஒருத்திக்குப் பதினோரு விநாடி என்பது என்ன என்று எனக்குத் தெரியும்.

குற்றவாளி யார் என்றால், பெற்றோர் சந்திப்பில் எடுத்த குரூப் போட்டோ. அதன் அளவைக் குறைத்தேன். ஓடிக்கொண்டிருந்த அலங்காரப் படங்களை எடுத்தேன். கணவர் டார்வின் மின்வாரிய வேலைக்குக் கிளம்பும்போது, "உங்க போன்ல ஒரு தடவை திறந்து பாருங்க" என்றேன். "எனக்கு லேட் ஆவுது" என்றார். அவர் செருப்பை மாட்டி முடிப்பதற்குள் பக்கம் திறந்துவிட்டது.

வெளியிலிருந்து வந்து நம் பக்கத்தில் ஏறுகிறவை என்றும் ஒரு பட்டியல் அந்தச் சோதனையில் வந்தது. அதில் ஒன்றுதான் அதிக நேரம் எடுக்கிறது. பெயர் எனக்குப் புரியவில்லை. விஜிலாவைக் கேட்டேன். "பாக்குறவங்க திரையில எங்க தொடுறாங்க, எதுவரைக்கும் இறங்கிப் படிக்கிறாங்கன்னு பாக்குறதுக்கு நான் போட்டது. அதைத் தொடாத, மத்ததெல்லாம் போயிரும்." தொடவில்லை.

ஜூன் 19, புதன்

பதினோரு விநாடி ஐந்தாகிவிட்டது. ஒரே பக்கத்தோடு போய்விடுகிறவர்கள் எழுபத்தொன்றிலிருந்து ஐம்பத்தெட்டாகிவிட்டார்கள். காரணமில்லாமல் பாயசம் வைத்தேன்.

ஜூன் 24, திங்கள்

இன்று கண்டுபிடித்தவை. ஆட்கள் அதிகம் வருவது காலை பதினொன்றரைக்கு. சமையல் முடிந்து, பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு, வீட்டில் யாரும் இல்லாத நேரம். அது என்னுடைய நேரமும்தான்.

தளத்துக்குள்ளேயே ஒரு தேடல் பெட்டி இருக்கிறது. அதில் என்னென்ன எழுதித் தேடினார்கள் என்பதையும் பார்க்கலாம் என்று இன்றுதான் தெரிந்தது.

வலிப்பு பெண் கல்யாணம் சொல்லலாமா
மாத்திரை நிறுத்தினால் என்ன
ஸ்கூலில் சேர்க்க மாட்டேங்கிறார்கள்
சாமி குத்தமா
என் தப்பா

கடைசி வரியை ஒரே மாதத்தில் பதினேழு தடவை எழுதியிருக்கிறார்கள். பெட்டியில் தேட வந்தவர்கள் தேடாமல் பேசியிருக்கிறார்கள். நம் தளத்தில் அதற்கு ஒரு பக்கமும் இல்லை. 'இது உங்கள் தப்பு இல்லை' என்று தலைப்புப் போட்டு மத்தியானத்துக்குள் எழுதி ஏற்றினேன். முதலுதவிப் பக்கத்தில் என் முன்னுரையை வெட்டிவிட்டு, செய்ய வேண்டிய ஐந்து காரியங்களை மேலே கொண்டு வந்தேன். அந்த முன்னுரையை எழுத நான் இரண்டு நாள் எடுத்துக்கொண்டது ஞாபகம் வந்தது. பரவாயில்லை.

ஜூலை 5, வெள்ளி

கேள்விப் படிவத்தைத் திறக்கிறவர்களில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர்தான் கேள்வியை அனுப்புகிறார்கள். மீதி எண்பத்தெட்டு பேர் எதுவரைக்கும் வந்து திரும்பிப் போகிறார்கள்?

விஜிலாவும் நானும் போனில் ஒரு மணி நேரம் பேசினோம். ஒன்பது பெட்டிகள் இருப்பதுதான் தொல்லை என்றாள். பெயர், ஊர், ஈமெயில், எந்த மருத்துவமனை என்று யார் இவ்வளவும் நிரப்புவார்கள்? மூன்றே பெட்டி போதும். தொலைபேசி எண், பிள்ளையின் வயது, கேள்வி. பெயரும் ஊரும் இஷ்டமிருந்தால் கேள்வியோடு சேர்த்து எழுதட்டும்.

"நம்பரையா முதல்ல கேக்கணும்? பயந்து ஓடிற மாட்டாங்களா?" என்றேன்.

"நம்பரை முதல்ல வை. கட்டாயம்னு போடு. ஈமெயில் எத்தனை அம்மாமாருக்கு இருக்கு? நம்பர் இருந்தா நீ கூப்பிட்டே பதில் சொல்லலாம்லா."

அது சரியாகத்தான் பட்டது.

"பயம் போறதுக்கு, கீழ ஒரு வரி எழுது. உன் பேரைப் போட்டு எழுது. உன்னை எல்லாரும் நம்புவாங்க" என்றாள்.

எழுதினேன்: 'உங்கள் எண்ணும் நீங்கள் எழுதுவதும் என்னையும் எங்கள் டாக்டரையும் தவிர யாருக்கும் போகாது. ஒரு தாயாகச் சொல்கிறேன். பியூலா.'

ஜூலை 16, செவ்வாய்

கேள்வி அனுப்புகிறவர்கள் நூற்றுக்குப் பன்னிரண்டிலிருந்து முப்பத்தொன்றாகிவிட்டார்கள்! விஜிலாவுக்கு அனுப்பினேன். ஒரு வரிசை கைதட்டல் படங்கள் வந்தன. பிறகு, "எங்க மேனேஜரே அசந்துட்டார்" என்று எழுதியிருந்தாள். அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "சும்மா, பெருமைக்குக் காட்டினேன். நீ சொந்தமாப் படிச்சுச் செய்றேன்னு சொன்னேன்" என்றாள்.

பெங்களூரில் ஒரு மேனேஜர் என்னைப் பற்றி அசந்து போகிறார். இதைச் சொன்னபோது டார்வின், "அவனுக்கு இதுல என்ன?" என்றார். எப்போதும் இப்படித்தான், ஒரு நல்ல காரியத்தைச் சொல்ல விடமாட்டார்.

ஜூலை 28, ஞாயிறு

சர்ச்சில் பாட்டு நேரத்தில் ஷெரினுக்கு வந்துவிட்டது. ஏழு மாதத்துக்குப் பிறகு. இரண்டு நிமிஷம் பத்து விநாடி. நான்தான் மணி பார்த்தேன். ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். யாரோ சாவிக்கொத்தை நீட்டினார்கள். வேண்டாம் என்றேன்.

முதன்முதலாக வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். விஜிலா வீட்டில், அவள் அண்ணன் மகன் பிறந்தநாளில். நான் வாயடைத்து நின்றேன். ஷெரின் கையில் இரும்பைத் திணிக்க வந்தவர்களைத் தள்ளிவிட்டு, பிள்ளையைத் திருப்பிப் படுக்க வைத்து மடியில் தலையைத் தாங்கியவள் விஜிலா. அவள் புடவை முழுக்க எச்சில். இன்று அவள் இருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

சாயங்காலம் டாக்டரோடு போனில் உட்கார்ந்தேன். ஒன்பது கேள்விக்குப் பதில் சொன்னார். படிவம் சுலபமான பிறகு கேள்விகள் குவிகின்றன. முன்பு ஈமெயில் அடித்து முடித்துவிடுவேன். இப்போது ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட வேண்டியிருக்கிறது. நாற்பதுக்கு மேல் நிற்கிறது. அடுத்த வாரம் பார்க்க வேண்டும். ஆனாலும் எண்ணிக்கை முப்பத்துநாலுக்கு ஏறியிருக்கிறது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

காலையில் சங்கரன்கோவிலிலிருந்து முத்துச்செல்வி என்று ஒருவர் கூப்பிட்டார். போன மாதம் படிவத்தில் எழுதியவர். மகளுக்குப் பத்தொன்பது வயது.

"ஏன் டீச்சர் இப்படிப் பண்ணுனீங்க?" என்றுதான் ஆரம்பித்தார்.

யாரோ ஒரு மூளை நரம்பு சிகிச்சை மையத்திலிருந்து பேசுவதாக அவருக்கு போன் வந்திருக்கிறது. அவர் குளித்துக்கொண்டிருந்தாராம். போனை எடுத்தது நாத்தனார். அந்த நாத்தனார் மகனுக்குத்தான் பெண்ணைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

"மாசம் ரெண்டு தடவை வருது, கல்யாணம் பேசுதீங்க, அதுக்குள்ள சரி பண்ணிரலாம்னு அந்தப் பொம்பளை சொல்லிருக்கா. நான் உங்களுக்கு என்ன எழுதுனேனோ அதே வார்த்தை டீச்சர். எங்க வீட்டுக்காரரையும் உங்களையும் தவிர நான் யார்ட்டயும் சொல்லல."

"எங்ககிட்ட இருந்து போகவே போகாது" என்றேன். "ஆஸ்பத்திரியிலயோ மருந்துக் கடையிலயோ சொல்லியிருப்பீங்க. நல்லா யோசிச்சுப் பாருங்க."

"நீங்க சொன்னா சரிதான் டீச்சர்" என்று வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 10, சனி

விஜிலாவிடம் சொன்னேன். மருந்துக் கடைக்காரர்கள்தான் இப்படி விற்கிறார்கள் என்றாள். நிம்மதியாக இருந்தது.

ஆகஸ்ட் 17, சனி

மார்த்தாண்டத்திலிருந்து ஒருவர். விருதுநகரிலிருந்து ஒருவர். இருவருக்கும் அதே மாதிரி போன். இருவரும் மருந்து வாங்குவது அரசு ஆஸ்பத்திரியில், கடையில் அல்ல.

மத்தியானம் அனலிட்டிக்ஸைத் திறந்து, ஒரு தடவை வந்தவர்கள் திரும்ப வருகிறார்களா என்று பார்த்தேன். முன்பெல்லாம் நூற்றுக்கு நாற்பது பேர் ஒரு மாதத்துக்குள் திரும்ப வருவார்கள். இப்போது இருபத்திரண்டு. பிறகு இரண்டு கூட்டமாகப் பிரித்துப் பார்த்தேன். கட்டுரையை மட்டும் படித்தவர்கள் முன்பு போலவே திரும்பி வருகிறார்கள். படிவப் பக்கத்தைத் தொட்டவர்கள்தான் வருவதில்லை. நூற்றுக்கு ஒன்பது பேர்தான் திரும்ப வருகிறார்கள்.

யாரெல்லாம் எங்களை நம்பி வாய் திறந்தார்களோ அவர்கள்தான் திரும்பி வரவில்லை.

விஜிலாவைக் கூப்பிட போனை எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன். ஏன் வைத்தேன் என்று எழுத வேண்டாம். டார்வின் மீன் வாங்கி வந்திருந்தார். கழுவப் போனேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

டார்வினிடம் ஒரு பழைய சிம் இருந்தது. வெளியே யாருக்கும் அந்த எண் தெரியாது. அதை ஷெரினின் பழைய கைப்பேசியில் போட்டேன். நம் படிவத்தைத் திறந்து அந்த எண்ணை எழுதினேன். வயது பதினாறு. 'மகனுக்குப் பரீட்சை நேரத்தில் வலிப்பு வருகிறது, என்ன செய்ய' என்று எழுதினேன். எனக்கு மகன் இல்லை.

'அனுப்பு' என்ற பொத்தானை அழுத்தவில்லை. அப்படியே பக்கத்தை மூடிவிட்டேன்.

ஒன்றும் வராது.

ஆகஸ்ட் 22, வியாழன்

காலை பத்து நாற்பதுக்கு வந்தது.

"வணக்கம் மேடம், உங்க பையனுக்குப் பதினாறு வயசு இல்லீங்களா? பரீட்சை டென்ஷன்ல வலிப்பு வருதுன்னு சொல்லியிருந்தீங்க."

இனிமையான குரல். சின்னப் பெண்ணாக இருக்க வேண்டும்.

"யார்கிட்ட சொல்லியிருந்தேன்?" என்றேன்.

"நீங்களே ஆன்லைன்ல கொடுத்திருக்கீங்க மேடம்."

"நீங்க எந்தக் கம்பெனி?"

சொன்னாள். அந்தப் பெயரை இந்த நோட்டில் எழுத விருப்பமில்லை. ஜூன் மாதம் விஜிலா அனுப்பிய படத்தில், அவள் கழுத்து நாடாவில் அதே பெயர் வெள்ளை எழுத்தில் இருக்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எத்தனை தடவை பார்த்தேன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 24, சனி

ஷெரினை டியூஷனுக்கு அனுப்பிவிட்டு விஜிலாவைக் கூப்பிட்டேன். பேசியதை மறக்கும் முன் எழுதுகிறேன்.

"அந்தக் கம்பெனிக்காரி என்னைக் கூப்பிட்டா" என்றேன்.

"எந்தக் கம்பெனி?"

"உன் கழுத்துல தொங்குற கம்பெனி."

அந்தப் பக்கம் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. "டார்வின் அண்ணன் பக்கத்துல இருக்காங்களா?"

"இல்ல. எப்பயிருந்து விஜிலா?"

"டிசம்பர்."

"உனக்கு வேலை கிடைச்சது ஏப்ரல்லதானே?"

அவள் பேச்சை மாற்றினாள்.

"ஏட்டி, நான் சொல்றதைக் கேளு. அவங்க ஒண்ணும் கள்ளக் கூட்டம் இல்ல. சிகிச்சை மையங்களுக்கு நோயாளிகளைச் சேர்த்துவிடுறாங்க. நம்ம அம்மாமாரும் சிகிச்சை தேடித்தானே வாறாங்க?"

"நம்மகிட்டதான் வாறாங்க. சென்ட் பண்ணாத ஆளோட நம்பரையுமா எடுப்பாங்க?"

"அது... அப்படித்தான் வேலை செய்யும். டைப் பண்ணும்போதே பதிவாகிரும்."

"எங்க தொடுறாங்கன்னு பாக்கத்தான்னு சொன்ன."

"அதுக்கும்தான்."

முத்துச்செல்வியின் கதையைச் சொன்னேன். நாத்தனார் போனை எடுத்ததைச் சொன்னேன். விஜிலா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அவள் குரல் மாறியது.

"ஆறு வருஷம் நான் ஒத்தைக்கு அந்த சைட்டை ஓட்டினேன் பியூலா. உனக்கு அது எப்படி ஓடுதுன்னே தெரியாது. பாராட்டு விழாவுல சால்வை உனக்குப் போட்டாங்க. பேப்பர்ல படம் உனக்கு வந்துச்சு. நான் கீழ உக்காந்து கை தட்டினேன். என்னைக்காவது மைக்ல என் பேரைச் சொன்னியா? டிசம்பர்ல இன்டர்வியூல நான் பண்ணின வேலைன்னு கூடவேயைக் காட்டினேன். முதல் தடவையா ஒரு ஆள் என்னைப் பாத்து, இது நீங்க பண்ணினதான்னு கேட்டான். அதுல இவ்வளவு பேர் வாறாங்களான்னு கேட்டான். அப்படித்தான் ஆரம்பிச்சுது."

"அதுக்கு அந்தப் பிள்ளைகளையா கொடுக்கணும்?"

"நம்பரை முதல்ல வைக்கச் சொன்னது நான்தான். வச்சது நீ. கீழ உன் பேரைப் போட்டு யாருக்கும் போகாதுன்னு எழுதினதும் நீ."

"எனக்குத் தெரியாதே."

"நீ கேக்கவும் இல்லியே. எண்ணிக்கை ஏறினதும் உனக்கும் சந்தோஷமாத்தானே இருந்துச்சு."

போனை யார் முதலில் வைத்தோம் என்று ஞாபகம் இல்லை. அரிசி களைந்து உலை வைத்தேன். பிறகு அலமாரியில் அந்தப் பேப்பர் துண்டைத் தேடி எடுத்தேன். 'தோழி ஒருவரின் உதவியுடன்' என்று போட்டிருக்கிறது. பெயர் இல்லை. நான் பேட்டியில் பெயரைச் சொன்னேனா, அவர்கள் விட்டுவிட்டார்களா? சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன்.

சொல்லாமலே இருந்திருக்கட்டும். அதற்கு இதுவா? என் மகள் தலையைத் தாங்கிய கை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

படிவத்தை நீக்கிவிட்டேன். சாயங்காலம் எதற்கோ வேகச் சோதனையை ஓட்டினேன். வெளியிலிருந்து ஏறுகிற பட்டியலில், தொட வேண்டாம் என்று விஜிலா சொன்ன அந்தப் பெயர் இல்லை. விஜிலா ஒரு வார்த்தை சொல்லாமல் அதை எடுத்திருக்கிறாள். பக்கம் இரண்டே விநாடியில் திறக்கிறது. ஆறு வருஷத்தில் தளம் இவ்வளவு வேகமாக இருந்ததே இல்லை.

ஆகஸ்ட் 26, திங்கள்

டார்வின் சைபர் கிரைமுக்குப் புகார் எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன். விஜிலா பெயரை எழுதும் இடத்தில் பேனாவை அவரிடம் கொடுத்துவிட்டேன். அவரே எழுதினார்.

தளத்தின் மேலே வைக்க ஒரு அறிவிப்பும் எழுதினேன். 'எங்களில் ஒருவர்' என்று முதலில் எழுதினேன். பிறகு அதை அடித்துவிட்டு, 'எங்கள் தளம் உங்கள் எண்களையும் நீங்கள் எழுதியவற்றையும் வேறொரு நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டது. யாருக்கும் போகாது என்று என் பெயரில் எழுதியிருந்தேன். அது பொய்யாகிவிட்டது' என்று எழுதினேன். இதைப் படிக்க எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாது. படிவம் அனுப்பியவர்களில் இருநூற்றுப் பதினான்கு பேரின் எண்கள் என்னிடம் இருக்கின்றன. அவர்களை நானே கூப்பிட்டுச் சொல்வேன். எண்ணை எழுதிவிட்டு அனுப்பாமல் போனவர்களுக்கு யார் சொல்வது? பயந்து, வேண்டாம் என்று திரும்பிப் போனவர்கள் அவர்கள். அவர்களுக்குத் தெரியவே போவதில்லை.

செப்டம்பர் 4, புதன்

ஷெரின் கேட்டாள், "விஜிலா ஆன்ட்டி கிறிஸ்துமஸுக்கு வருவாங்களா?"

"வேலை இருக்கும் மக்ளே" என்றேன்.

"நீங்க சண்டையா?"

"சாப்பிடு."

செப்டம்பர் 7, சனி

இதுவரை அறுபத்தெட்டு பேரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். காலை பதினொன்றுக்கு ஆரம்பித்து ஒரு மணிக்குள் முடிந்தவரை பேசுகிறேன். வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில்தான் இதைக் கேட்க முடியும். சிலர் திட்டுகிறார்கள். பழநிப் பக்கம் ஒருவர், "உங்களுக்கும் இப்படி ஒரு பிள்ளை இருக்குன்னுதானே நம்பினோம்" என்றார். அதற்கு மேல் திட்ட என்ன இருக்கிறது?

முத்துச்செல்வி நான்கு நாளாக எடுக்கவில்லை. இன்று ஒரு செய்தி வந்தது. 'கல்யாணப் பேச்சு நின்னு போச்சு. பிள்ளை அழுதுட்டே இருக்கா. நீங்க இனி கூப்பிட வேண்டாம்.'

அன்றைக்கு நான் அவரிடம் 'நல்லா யோசிச்சுப் பாருங்க' என்று சொன்னேன். அதற்கு மன்னிப்புக் கேட்கவும் இனி வழி இல்லை.

செப்டம்பர் 12, வியாழன்

விஜிலா பெயரில் ஒரு நீளமான ஈமெயில். முதல் வரி, 'பியூலா, உனக்குப் புரியும்னு நினைக்கிறேன்'. அதற்கு மேல் படிக்கவில்லை. அழிக்கவும் இல்லை.

செப்டம்பர் 21, சனி

இன்று பதினொன்று ஐந்துக்கு ஆயிஷா பர்வீன், கடையநல்லூர். மகளுக்குப் பதிமூன்று வயது. எல்லோரிடமும் சொல்வதைச் சொன்னேன். இப்போது மனப்பாடமாகிவிட்டது. எங்கே மூச்சு விட வேண்டும் என்பது வரை தெரியும். அவர் 'ம், ம்' என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அவங்க கூப்பிட்டாங்க டீச்சர்" என்றார் கடைசியில். "வேண்டாம்னு சொல்லிட்டேன். அது பெரிசில்ல. நான் கேட்டதுக்குப் பதில் சொல்லத்தான் கூப்பிடுறீங்களோன்னு நினைச்சேன்."

"நீங்க என்ன கேட்டிருந்தீங்க?" என்று வாயில் வந்துவிட்டது. கேட்டிருக்கக் கூடாது. அவர் கேள்வியை அச்செடுத்த தாள் என் முன்னால்தான் இருந்தது. ஜூலை 29 தேதியிட்டது. பார்த்தேன். இதற்கு முன் நான் இதைப் படித்ததில்லை.

'ஸ்கூல்ல கொடைக்கானல் டூர் போறாங்க. ரெண்டு நாள். மகள் ரொம்ப ஆசைப்படுறா. மாத்திரை ஒழுங்கா போடுறா, வலிப்பு வந்து ஒரு வருஷம் ஆச்சு. அனுப்பலாமா? செப்டம்பர் பத்துக்குள்ள சொல்லணும்.'

டாக்டரிடம் போக வேண்டிய கேள்விகூட இல்லை. இதே கேள்விக்கு அவர் எத்தனையோ தடவை பதில் சொல்லியிருக்கிறார். மாத்திரையை நேரத்துக்குக் கொடுக்கச் சொல்லி, ராத்திரி நன்றாகத் தூங்கச் சொல்லி, கூடப் போகிற டீச்சரிடம் விவரம் சொல்லி அனுப்புங்கள் என்பார். எனக்கு இரண்டு நிமிஷ வேலை.

"டூர் எப்போ?" என்றேன்.

"போன வாரமே போயிட்டு வந்துட்டாங்க டீச்சர். நீங்க சொல்லுவீங்கன்னு பத்தாம் தேதி சாயங்காலம் வரைக்கும் பாத்துக்கிட்டு இருந்தேன். பிறகு பயமா இருந்துச்சு. வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டேன்."

அனுப்பியிருக்கலாம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமல் எப்படி இருப்பது? நான் எதையோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அந்தப் பக்கம் ஒரு பெண் பிள்ளையின் குரல் கேட்டது. "யாரும்மா போன்ல?"

ஆயிஷா பர்வீன் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து மகளுக்குப் பதில் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"யாரும் இல்ல. ராங் நம்பர்."